இரண்டு காற்றும் ஒன்றாய்ப் போய்ச் சேருமா?

(தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி முகாம் ஒன்றில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பாடவேளையில் வகுப்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன். வாத்தியார் தப்பு செய்த கதை என்றால் யாருக்கும் தூக்கம் வராது.

விமானம் எப்படிப் பறக்கிறது என்று பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் இறக்கையின் குறுக்குவெட்டை வரைவேன். மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் ஏறக்குறைய தட்டை. எதிரே வரும் காற்று இறக்கையின் முன் விளிம்பில் இரண்டாகப் பிரிகிறது. மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போவதற்குக் குறைவு. இரண்டும் பின் விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும். ஆகவே மேல்காற்று வேகமாகப் போகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது பெர்னௌலி தேற்றம். கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு, ஆகவே இறக்கை மேலே தூக்கப்படுகிறது. அம்புக்குறி போட்டுச் சாக்பீஸைக் கீழே வைப்பேன். அழகான விளக்கம், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஒரு நாள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள். "சார், பிரிஞ்ச ரெண்டு காத்தும் ஒரே நேரத்துல போய்ச் சேரணும்னு யார் சார் சொன்னது? அதுங்களுக்குள்ள ஏதாவது கயிறு கட்டியிருக்கா?" வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "அது அப்படித்தாம்மா, உட்காரு" என்றேன். அவள் உட்கார்ந்தாள். அடுத்த தேர்வில் நான் நடத்தியபடியே வரி பிசகாமல் எழுதியிருந்தாள். ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

அவள் கேட்டதுதான் சரி. நான் நடத்தியது தவறு. இது எனக்குத் தெரியவந்தபோது அவள் பள்ளியை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தத் தவறு என் ஒருவனுடையது அல்ல என்பது ஒரு சின்ன ஆறுதல். உலகம் முழுவதும் பாடநூல்களிலும் கலைக்களஞ்சியங்களிலும் இது தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹோல்கர் பாபின்ஸ்கி 2012-இல் ஒரு சிறிய காணொளியை வெளியிட்டார். காற்றுச் சுரங்கத்தில் ஓர் இறக்கை மாதிரியை நிறுத்தி, எதிரே புகையை விட்டு விட்டுச் செலுத்துகிறார். ஒவ்வொரு புகைக்கோடும் முன் விளிம்பில் இரண்டாகப் பிரிகிறது. மேலே போகும் புகை பின் விளிம்பை எட்டும்போது கீழே போன புகை இன்னும் வந்து சேரவில்லை! மேல்காற்று வேகமாகப் போவது உண்மை. ஆனால் சேர்ந்து வர வேண்டும் என்பதற்காக அது வேகமாகப் போகவில்லை. கூட்டாளியை விட்டுவிட்டு முன்னாலேயே போய்விடுகிறது.

காணொளி வேண்டாம், காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. நம் விமான நிலையங்களில் அதிகம் பார்க்கிற ஏர்பஸ் ஏ320 விமானத்தை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 78 டன் எடையுடன் அது புறப்பட முடியும். இறக்கையின் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். வகுத்தால், ஒரு சதுர மீட்டர் இறக்கை ஏறக்குறைய 640 கிலோ எடையைத் தூக்க வேண்டும். இப்போது என் பழைய விளக்கத்தின்படி பார்ப்போம். மேல்பரப்பின் நீளம் கீழ்ப்பரப்பை விட 2 சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காற்றும் ஒரே நேரத்தில் சேர வேண்டுமானால் மேல்காற்றின் வேகமும் 2 சதவீதம்தான் கூடும். புறப்படும் வேகம் நொடிக்கு 75 மீட்டர், அதாவது மணிக்கு 270 கிலோமீட்டர். காற்றின் அடர்த்தி 1.2. பெர்னௌலி சமன்பாட்டில் போட்டால் அழுத்த வேறுபாடு சதுர மீட்டருக்கு 136 நியூட்டன் வரும். கிலோவில் சொன்னால் 14. மொத்த இறக்கைக்கும் சேர்த்து 1.7 டன். 78 டன் விமானத்துக்கு 1.7 டன்! ஒரு காரைத் தூக்கலாம், அவ்வளவுதான். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுவிடக்கூடிய கணக்கு இது. இத்தனை வருடம் நான் போட்டுப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. சாகச விமானங்கள் தலைகீழாகப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் விளக்கம் உண்மையென்றால், தலைகீழாகத் திரும்பிய விமானத்தை இறக்கை தரையை நோக்கி அல்லவா இழுக்க வேண்டும்? சாகச விமானங்கள் பலவற்றின் இறக்கை மேலும் கீழும் ஒரே வளைவு கொண்டது. அவையும் பறக்கத்தான் செய்கின்றன.

அப்படியானால் என்னதான் தூக்குகிறது?

தண்ணீர்க் குழாயடிக்கு ஒரு ஸ்பூனை எடுத்துப் போங்கள். குழாயை ஒரே சீராக ஒழுகும்படி திறந்துவிட்டு, ஸ்பூனின் காம்பு நுனியை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிடுங்கள். அதன் முதுகுப்பக்கம், அதாவது புடைத்த பக்கம், தண்ணீரை மெல்லத் தொடும்படி கொண்டுபோங்கள். தண்ணீர் ஸ்பூனைத் தள்ளிவிடும் என்றுதான் பிள்ளைகள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஸ்பூன் தண்ணீருக்குள் இழுக்கப்படும். கூடவே தண்ணீரைப் பாருங்கள். நேராக விழுந்துகொண்டிருந்த தாரை ஸ்பூனின் வளைவை ஒட்டியே போய், ஒரு பக்கமாகத் திரும்பி விழும். ஸ்பூன் தண்ணீரை ஒரு பக்கம் திருப்புகிறது, தண்ணீர் ஸ்பூனை மறுபக்கம் இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி குழாயடியில் நடந்துகொண்டிருக்கிறது.

இறக்கை செய்வதும் இதைத்தான். தண்ணீருக்குப் பதில் காற்று. இறக்கை தன் முன்விளிம்பைச் சற்றுத் தூக்கி, சாய்வாகக் காற்றுக்குள் போகிறது. கீழே வரும் காற்று அதன் வயிற்றுப் பக்கத்தில் பட்டுக் கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது. மேலே வரும் காற்று முதுகின் வளைவை ஒட்டியே போய் அதுவும் கீழ்நோக்கி இறங்குகிறது. ஆக, இறக்கை கடந்துபோன பிறகு பெரும் அளவு காற்று கீழே தள்ளப்பட்டிருக்கிறது. அதன் எதிர்விசை இறக்கையை மேலே தூக்குகிறது.

அப்படியானால் பெர்னௌலி பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை, தேற்றம் சரி, நான் அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. கல்லைக் கயிற்றில் கட்டிச் சுற்றும்போது உள்நோக்கி ஒரு விசை தேவைப்படுகிறது அல்லவா? காற்றும் வளைந்து போக வேண்டுமானால் உள்நோக்கி ஒரு விசை தேவை. காற்றுக்குக் கயிறு கிடையாது. அழுத்த வேறுபாடுதான் அதற்குக் கயிறு. வளைவின் வெளியே, தொலைவில், வழக்கமான வளிமண்டல அழுத்தம். வளைவின் உள்ளே, இறக்கையின் முதுகை ஒட்டி, அதைவிடக் குறைந்த அழுத்தம். அந்தக் குறைந்த அழுத்தத்தை நோக்கி வரும் காற்று வேகமெடுக்கிறது. இங்கேதான் பெர்னௌலி வருகிறார், சரியாகவே வருகிறார். அழுத்த வேறுபாட்டைக் கூட்டிக் கணக்கிட்டாலும், கீழே தள்ளப்பட்ட காற்றின் உந்தத்தைக் கணக்கிட்டாலும் ஒரே விடைதான். வரவை எண்ணிப் பார்ப்பதும் செலவை எண்ணிப் பார்ப்பதும் போல. இரண்டில் எது உண்மை என்று ஆசிரியர்கள் அறையில் சண்டை போடத் தேவையில்லை.

அழுத்தம் என்றதும் பிள்ளைகள் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்வார்கள். நம் தலைக்கு மேல் உள்ள காற்று ஒரு சதுர மீட்டரில் பத்து டன்னுக்குச் சற்று அதிகமாக அழுத்துகிறது. விமானத்துக்குத் தேவை 640 கிலோ. அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு வேறுபாடு போதும், 78 டன் எழும்பிவிடும். காற்று என்றால் ஒன்றுமில்லை என்று நினைக்கும் பிள்ளைகளிடம் வகுப்பறையை அளக்கச் சொல்லுங்கள். எட்டு மீட்டர் நீளம், ஆறு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம் என்றால் அதற்குள் இருக்கும் காற்றின் நிறை 170 கிலோவுக்கு மேல். இரண்டு, மூன்று வாத்தியார்களின் எடை.

நாம் எல்லாரும் செய்து காட்டும் ஒரு சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காகிதத் துண்டின் ஒரு முனையை உதட்டருகே பிடித்து மேலே ஊதினால், தொங்கும் மறுமுனை எழும். "பார், வேகமான காற்றில் அழுத்தம் குறைவு" என்போம். அதே காகிதத்தை நேராகச் செங்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு பக்கத்தில் மட்டும் மேலிருந்து கீழே ஊதிப் பாருங்கள். வேகமான காற்று இருக்கிறது, காகிதமோ அந்தப் பக்கம் இழுபடவில்லை. ஏனென்றால் இங்கே காற்று வளையவில்லை. முதல் சோதனையில் காகிதம் வளைந்து தொங்கியது, அதை ஒட்டிக் காற்றும் வளைந்தது. நான் கேட்டுக்கொள்வது, இரண்டையும் அடுத்தடுத்துச் செய்து காட்டுங்கள் என்பதுதான். முதலாவதை மட்டும் காட்டுவது பாதி உண்மை.

இனி நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தவறான எண்ணின் கதைக்கு வருகிறேன். ஏனென்றால் எல்லாரும் நகலெடுத்துக்கொண்டிருந்த ஒன்றை இரண்டு பேர் நிறுத்திச் சரிபார்த்ததில்தான் விமானம் பிறந்தது.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் என்ற ஊர். வில்பர் ரைட், ஆர்வில் ரைட் இருவரும் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். இருவரிடமும் பள்ளியிறுதிச் சான்றிதழ் கிடையாது. இதைச் சொல்லி "படிக்காதவர்கள் சாதித்தார்கள்" என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் வீடு நிறையப் புத்தகங்கள் இருந்தன. தங்கை கேத்தரின் கல்லூரியில் பட்டம் பெற்று, அதே ஊர் உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் கற்பித்த ஆசிரியை. 1899 மே 30 அன்று வில்பர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு, பறத்தல் பற்றிய நூல்களின் விவரம் கேட்டுக் கடிதம் எழுதினார். அங்கிருந்து வந்ததையெல்லாம் படித்தார்கள். படிக்காதவர்கள் இல்லை, படித்ததைச் சும்மா நம்பாதவர்கள்.

அவர்களுக்கு முன்னோடி ஜெர்மானியரான ஓட்டோ லிலியந்தால். குன்றிலிருந்து கிளைடரில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் சறுக்கிப் பறந்தவர். எந்த வளைவுள்ள இறக்கை, எந்தச் சாய்வில், எவ்வளவு தூக்கும் என்று அளந்து அட்டவணை போட்டு வைத்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று காற்றில் அவருடைய கிளைடர் மூக்குத் தூக்கி நின்று விழுந்தது. மறுநாள் இறந்தார்.

அவருடைய அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டு, ரைட் சகோதரர்கள் 1901-இல் ஒரு கிளைடர் செய்தார்கள். கிட்டி ஹாக் அருகே கடற்கரை மணல்மேட்டில் பறக்கவிட்டார்கள். கணக்கில் வந்த தூக்குவிசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. மனம் உடைந்துபோனார்கள். இன்னும் ஐம்பது ஆண்டுக்கு மனிதன் பறக்கப்போவதில்லை என்று அந்த ஆண்டில் தம்பியிடம் சொன்னதாக வில்பரே பின்னாளில் ஒரு விருந்துப் பேச்சில் ஒப்புக்கொண்டார்.

நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "நம் கிளைடரில்தான் ஏதோ குறை, அட்டவணை பெரிய மனிதர் போட்டது" என்றிருப்போம். அவர்கள் அட்டவணையையே சோதிக்கக் கிளம்பினார்கள். எதைக்கொண்டு? சைக்கிளைக் கொண்டு. கைப்பிடிக்கு முன்னால் மூன்றாவது சக்கரம் ஒன்றைப் படுக்கைவாட்டில், தடையின்றிச் சுழலும்படி பொருத்தினார்கள். அதன் விளிம்பில் ஓர் இடத்தில் சின்ன வளைந்த இறக்கை, இன்னொரு இடத்தில் தட்டைத் தகடு. அட்டவணை சரியென்றால் இரண்டின் விசையும் சமமாகிச் சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும். தெருவில் வேகமாக மிதித்துக்கொண்டு போனார்கள். சக்கரம் சுழன்றது.

அடுத்து, ஆறு அடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி. ஒரு பக்கம் மின்விசிறி மாதிரி ஒரு காற்றாடி, கடையின் எஞ்சினிலிருந்து பட்டை போட்டு ஓட்டியது. மேலே எட்டிப் பார்க்கக் கண்ணாடி. இதுதான் அவர்களுடைய காற்றுச் சுரங்கம். உள்ளே வைத்த தராசை ஹேக்சா பிளேடிலும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியிலும் செய்தார்கள். தகரம் வெட்டும் கத்தரியால் இரும்புத் தகட்டை வெட்டி, சுத்தியலால் தட்டி வளைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் இறக்கைகளைச் செய்தார்கள். 1901-இன் கடைசி மூன்று மாதங்களில் ஏறக்குறைய இருநூறு வடிவங்கள்.

அந்தத் தராசைப் பற்றி ஒரு நிமிடம் சொல்லியே ஆக வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பொதுத் தராசுக்கும் சுருள்வில் தராசுக்கும் வேறுபாடு கேட்போம். பொதுத் தராசை நிலவுக்குக் கொண்டுபோனாலும் அளவு மாறாது, ஏனென்றால் இரண்டு தட்டிலும் ஈர்ப்பு ஒரே மாதிரி குறைகிறது. ரைட் சகோதரர்கள் செய்ததும் அதே வேலை. இறக்கையின் தூக்குவிசையை, அதே காற்றில் நிற்கும் தட்டைத் தகடுகளின் மீதான விசையோடு ஒப்பிட்டார்கள். காற்றின் வேகம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் இரண்டும் ஒன்றாகவே மாறும், அளவு கெடாது. நல்ல கருவி வாங்கக் காசில்லாத இடத்தில் நல்ல யோசனை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். நம் ஆய்வகங்களின் நிலைமை தெரிந்த உங்களுக்கு இது பிடிக்கும் என்றுதான் இவ்வளவு விரிவாகச் சொன்னேன்.

முடிவு என்ன? லிலியந்தாலின் அட்டவணை பெரும்பாலும் சரிதான். அது அவருடைய இறக்கை வடிவத்துக்கு உரியது, வேறு வடிவத்துக்கு அப்படியே பொருந்தாது. பெரிய தவறு இன்னொரு இடத்தில் இருந்தது. அந்தக் கணக்கில் ஸ்மீட்டன் எண் என்று ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் பெயரால் வழங்கியது, மதிப்பு 0.005. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகப் புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டவர்கள் இடையில் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் புழக்கத்தில் இருந்தது அந்த எண்தான். தங்கள் அளவீடுகளிலிருந்து ரைட் சகோதரர்கள் கண்ட மதிப்பு ஏறக்குறைய 0.0033. ஆக, பறக்க முயன்றவர்கள் கிடைக்கக்கூடிய தூக்குவிசையை ஒன்றரை மடங்காகக் கூட்டியே கணக்கிட்டு ஏமாந்திருக்கிறார்கள்.

1902-இல் புதுக் கிளைடர். இறக்கையின் பரப்பு கிட்டத்தட்ட பழைய அளவுதான். ஆனால் நீளம் 22 அடியிலிருந்து 32 அடியாயிற்று, அகலம் 7 அடியிலிருந்து 5 அடியாகக் குறைந்தது. நீண்டு ஒடுங்கிய இறக்கை குறைந்த இழுவையில் அதிகம் தூக்கும் என்று அந்தப் பெட்டி சொல்லியிருந்தது. இறக்கையின் நுனியில் கீழ்ப்பக்கத்து அழுத்தக் காற்று விளிம்பைச் சுற்றி மேலே கசிந்துவிடும். இறக்கை நீளமானால் அந்தக் கசிவின் பங்கு குறையும். வானத்தில் வட்டமிடும் கழுகின் இறக்கை நுனியில் விரல் மாதிரி விரிந்த சிறகுகளையும், இன்றைய விமானங்களில் நுனி மேல்நோக்கி மடங்கியிருப்பதையும் கவனித்திருப்பீர்கள். எல்லாம் அந்தக் கசிவோடு நடக்கும் சண்டைதான்.

தூக்குவது ஒரு பாதி. ஓட்டுவது மறுபாதி. அந்தக் காலத்தில் பலரும் விமானத்தைக் கப்பல் மாதிரி நினைத்தார்கள். பின்னால் சுக்கான் வைத்தால் திரும்பும் என்றார்கள். சைக்கிள்காரர்களுக்குத்தான் தெரியும், திரும்ப வேண்டுமானால் சாய வேண்டும் என்று. இறக்கையின் ஒரு நுனியை ஒரு பக்கமும் மறு நுனியை எதிர்ப்பக்கமும் முறுக்கினால் விமானம் சாயும். கடையில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கையில் வைத்து முறுக்கிக்கொண்டிருந்தபோது வில்பருக்கு இது பிடிபட்டது. இன்று இறக்கையின் பின் விளிம்பில் மேலும் கீழும் அசையும் ஐலரான் என்ற தட்டுகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் சாய்த்தபோது புதுச் சிக்கல் வந்தது. உயர்ந்த இறக்கை அதிகம் தூக்கியது, கூடவே இழுவையும் அதிகமாகி, மூக்கு தப்பான பக்கம் திரும்பியது. தாழ்ந்த இறக்கை மணலில் குத்தி நின்றது. ஓர் இரவு காபி அதிகமாகக் குடித்துத் தூக்கம் வராமல் படுத்திருந்த ஆர்வில், அசையாமல் நிற்கும் வால் சுக்கானை அசையும்படி செய்தால் என்ன என்று யோசித்தார். காலையில் சொன்னதும், அதை இறக்கை முறுக்கும் கம்பியோடு இணைத்துவிடலாம் என்றார் வில்பர். விமானத்தின் மூன்று அசைவுகளும், அதாவது பக்கவாட்டில் சாய்வது, மூக்கு ஏறி இறங்குவது, மூக்கு இடம் வலம் திரும்புவது எல்லாம், விமானியின் கைக்குள் வந்தது அப்போதுதான்.

எஞ்சின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் கடையின் மெக்கானிக் சார்லி டெய்லர் ஏறக்குறைய ஆறு வாரத்தில் செய்து கொடுத்த 12 குதிரைத்திறன் எஞ்சின் அது. இன்றைய சில மோட்டார் சைக்கிள்களில் இருப்பதை விடக் குறைவு. அந்தக் குறைந்த சக்தி போதுமானதாக இருந்ததற்குக் காரணம் இறக்கையும் உந்தியும். உந்தியைச் சுழலும் இறக்கையாகப் பார்த்து, அதே பெட்டியின் எண்களைக் கொண்டு வடிவமைத்தார்கள்.

1903 டிசம்பர் 14. காசைச் சுண்டிப் பார்த்து வில்பர் ஏறினார். எழும்பியதும் மூக்கை அதிகமாகத் தூக்கிவிட்டார். மூன்றரை நொடியில் விமானம் வேகமிழந்து மணலில் விழுந்தது. பழுது பார்த்து, டிசம்பர் 17 காலை ஆர்வில் ஏறினார். 12 நொடி, 120 அடி. அன்றைய நான்காவது பறத்தலில் வில்பர் 59 நொடிகளில் 852 அடி பறந்தார்.

14-ஆம் தேதி நடந்ததை நம் பாடங்கள் சொல்வதில்லை. எனக்கு 17-ஐ விட அது முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் லிலியந்தாலைக் கொன்றதும் அதுதான். இறக்கையின் சாய்வைக் கூட்டக் கூட்டத் தூக்குவிசை கூடும். ஏறக்குறைய 15 டிகிரி வரைதான். அதற்கு மேல் போனால், முதுகை ஒட்டி வந்த காற்று வளைவைத் தொடர முடியாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். காற்று கீழ்நோக்கித் திரும்புவது சரிகிறது, தூக்குவிசை சட்டென்று விழுகிறது. இதற்கு ஸ்டால் என்று பெயர். பொருட்காட்சி ஸ்டால் அல்ல. இது எஞ்சின் நிற்பதால் வருவதும் அல்ல. எஞ்சின் முழு வேகத்தில் ஓடினாலும் வரும். விமானம் விழுகிறதே என்று மனித மனம் மூக்கை இன்னும் தூக்கச் சொல்லும். மீள்வதற்கு வழியோ மூக்கைத் தாழ்த்துவது. பயிற்சி விமானிக்கு முதலில் பழக்கும் பாடங்களில் ஒன்று இது.

2009 ஜூன் 1 அன்று ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போன ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகம் அளக்கும் குழாய்கள் பனியால் அடைபட்டு, தானியங்கிக் கட்டுப்பாடு விலகிக்கொண்டது. இருட்டு, குழப்பம். மூக்கு தூக்கப்பட்டு விமானம் ஸ்டால் ஆயிற்று. எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. சுமார் 38,000 அடி உயரத்திலிருந்து கடலைத் தொட மூன்றரை நிமிடம். அந்த நேரத்தின் பெரும்பகுதியில் மூக்கைத் தூக்கும்படியே கட்டளை போய்க்கொண்டிருந்தது என்பது 2012-இல் வெளியான விசாரணை அறிக்கையில் இருக்கிறது. அந்த விமானிகளைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை, அந்த நிலையில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. "இரண்டு காற்றும் ஒன்றாய்ச் சேர வேண்டும்" என்ற என் விளக்கத்தில் ஸ்டாலுக்கு இடமே இல்லை. மேல்பக்கம் நீளமாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் விழ வேண்டும்? அந்த விளக்கத்தை எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடையாது.

"சார், தேர்வில் என்ன எழுதச் சொல்வது?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்கிறார். நியாயமான கேள்வி. மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம் என்று எழுதட்டும், அது உண்மை. காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுகிறது என்றும் சேர்த்து எழுதட்டும். "ஒரே நேரத்தில் சேர வேண்டும்" என்ற வரியை மட்டும் நீங்கள் நடத்தாமல் விட்டுவிடுங்கள். பிள்ளை எங்கோ படித்துவிட்டு அதை எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதெல்லாம் எங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். காகித விமானம் செய்யாத மூன்றாம் வகுப்புப் பிள்ளை உண்டா? வெறுமனே எறியவிடாதீர்கள். மூக்கில் ஒரு பேப்பர் கிளிப் மாட்டினால் என்ன ஆகும், வாலில் மாட்டினால் என்ன ஆகும், இறக்கையின் பின்விளிம்பை நகக்கண் அளவு மேலே மடித்தால் என்ன ஆகும் என்று எறிவதற்கு முன்னால் சொல்லச் சொல்லுங்கள். சொன்னதைப் பலகையில் எழுதுங்கள். பிறகு எறியட்டும். கிளிப்பை வாலில் மாட்டிய விமானம் மூக்கைத் தூக்கி, நின்று, விழும். ஸ்டால் என்ற சொல் தெரியாமலே அதைப் பார்த்துவிடுவார்கள்.

உங்கள் மேசையில் 30 செ.மீ. அளவுகோல், நூல், அஞ்சலட்டைகள், ஒட்டும் நாடா இருக்கின்றன. அளவுகோலை நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு முனையில் தட்டையான அட்டை, மறுமுனையில் அதே அளவு அட்டையைப் பென்சிலில் உருட்டி லேசாக வளைத்து, இரண்டையும் ஒரே சாய்வில் ஒட்டுங்கள். காற்றில்லாமல் அளவுகோல் படுக்கையாக நிற்கும்படி சரிசெய்துகொண்டு, பிறகு மின்விசிறியின் முன்னால் கொண்டுபோங்கள். எது எழும்புகிறது? மின்விசிறிக் காற்று எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் வராது, அதனால் அட்டைகளை இடம் மாற்றி இன்னொரு முறை பாருங்கள். முதலில் வந்ததே மறுபடியும் வந்தால்தான் கணக்கு. பிறகு சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போங்கள், எந்த இடத்தில் தூக்குவது நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். என் அட்டை 20 டிகிரியை ஒட்டி நின்றது. உங்களுடையது வேறாக இருக்கலாம். எனக்கு வந்த எண்ணை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம்.

அந்தப் பக்கத்து மின்விசிறியை யாராவது போடுங்கள்.